மூன்று சவரன் சங்கிலி பத்திரமாகப் பயணம் செய்த விவரம்

பொம்மனஹள்ளி,
சௌம்யாவின் வீடு, இரண்டாம் மாடி,
சனிக்கிழமை முற்பகல்.

பொறுமையிற் சிறந்த என் தம்பி மனைவி கிருஷ்ணம்மாளுக்கு, நாத்தனார் தமயந்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும், உன் மகள் சௌம்யாவும், மாப்பிள்ளை யுவனும், இன்னும் முகம் காட்டாத நான்காமவரும் நலம். அங்கு நீயும், மாவுக்கட்டுப் போட்ட உன் வலக்காலும், அக்காலுக்குப் பணிவிடை புரியும் என் தம்பி மதியழகனும் நலமாயிருக்க விழைகிறேன். கட்டுக்குள் அரிப்பு எடுத்தால் குச்சியை நுழைக்காதே. சென்ற வாரம் அவ்வாறு செய்ததாக உன் கணவனே என்னிடம் கூறிவிட்டான்.

நேற்றுக் காலை முதல் தம்பி என் கைப்பேசிக்கு ஒன்பது முறை, "செயின் சேந்துச்சா?" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். "விவரம் கடிதத்தில்" என்று மட்டும் பதிலளித்தேன். இதனால் நீங்கள் இருவரும் இரவு உறங்கவில்லை என்று கேள்வியுற்று வருந்துகிறேன். ஆயினும் ஒரு பெரும் முயற்சியின் வரலாற்றைக் கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதுவது எனக்கு உடன்பாடன்று. உன் பதற்றத்தைத் தணிக்கும் பொருட்டு முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். சங்கிலி வந்து சேர்ந்தது. வளையல் அடுக்குவதற்கு முன்பாகவே சௌம்யாவின் கழுத்தில் ஏறியது. கால் முறிந்து வர இயலாத தாய்க்குப் பதிலாக, அவள் மணநாளில் அணிந்த சங்கிலியாவது மகளின் வளைகாப்பில் இருக்க வேண்டும் என்று நீ கண்ணீர் மல்கக் கூறினாய் அல்லவா, அது நிறைவேறியது. அடுத்த மாதம் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துச் செல்ல நீயே இந்தப் பெங்களூருக்கு வரவிருக்கிறாய். ஆதலால் இந்நகரின் வீதிகளில் பொருளைக் காப்பது எவ்வாறு என்பதை என் அனுபவத்தின் வாயிலாக நீ கற்றுக்கொள்ளும் பொருட்டே இந்நெடுங்கடிதம். தம்பியை உரக்கப் படிக்கச் சொல். அவனுக்கும் பயன்படும்.

முதலில் அவன் யோசனையை நினைவுகூர்வோம். "சட்டைப் பாக்கெட்ல போட்டு, மேல ஒரு கர்சீப்ப வெச்சிகினு போயி குடுத்துட்டு வந்துர்றேன்கா" என்றான். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இரண்டு கைப்பேசிகளையும் ஒரு குடையையும் பறிகொடுத்தவன் கூறும் யோசனை இது! எங்கள் தந்தையார் முப்பத்தோராண்டுகள் நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் வாயிலில் காவலராய் நின்றவர். வேலை முறை முடிந்து மேலே வந்த ஒவ்வொருவரையும் சோதித்தவர். ஒரு குன்றிமணிப் பொன்னை மனிதன் எங்கெங்கே ஒளிப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. செருப்பின் அடித்தோல், பீடிக்கட்டு, குடைக் கைப்பிடி, சோற்றுத் தூக்கு என்று இரவு உணவின்போது எங்களுக்கு வரிசையாகச் சொல்வார். மற்ற பிள்ளைகள் கதை கேட்டு வளர்ந்தார்கள், நாங்கள் இதைக் கேட்டு வளர்ந்தோம். அவர் தம் பணிக்காலத்தில் கோட்டைவிட்ட மறைவிடம் ஒன்றே ஒன்றுதான். ஒருவன் கையில் பொய்யாகக் கட்டுப் போட்டு அதற்குள் வைத்து மாதக்கணக்கில் கொண்டுபோயிருக்கிறான். "காயம்பட்டவன அவுத்துக் காட்டுடான்னு எந்த வாயால சொல்றது?" என்று ஓய்வு பெற்ற பின்னரும் நொந்துகொள்வார். அன்றே என் மனத்தில் அது பதிந்துவிட்டது.

இனி, மாநகரில் பயணம் செய்யும் பெண்மணி உணர வேண்டியது யாதெனில், வழிப்பறிக்காரன் பொருளைத் தேடுவதில்லை, பொருளைப் பற்றிய நம் அச்சத்தைத் தேடுகிறான். எவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போகிறதோ அவள் இடுப்பில்தான் மணிபர்ஸ் இருக்கிறது. ஆகவே அவன் பார்ப்பதற்கு ஒரு பொருளும், நாம் காப்பதற்கு வேறொரு பொருளும் வேண்டும். இதன் பொருட்டு ஆண்டர்சன்பேட்டையில் அலைந்து, உன் சங்கிலியைப் போன்றே முறுக்கு வைத்த கவரிங் சங்கிலி ஒன்றை வாங்கினேன். இரண்டும் ஒரே சாயலில் இருக்க வேண்டுமென்று ஒரே கிண்ணத்துப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்து, உன் கட்டிலருகே மேசைமேல் வைத்தேன். தம்பியை அழைத்து, எது தங்கம் என்று வினவினேன். இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான்கா. கனமா இருக்குது பாருங்க" என்று மங்கலானதைக் காட்டினான். கனத்தைக் கொண்டு பொருளை அறிபவன் காய்கறிக் கடைக்காரன் என்றும், ஒளியைக் கொண்டு அறிந்தவர் நம் தந்தையார் என்றும் எடுத்துரைத்தேன். "அப்பா கேட்ல நின்னாருக்கா, நகைக்கடையில நிக்கல" என்றான். நீ கட்டிலிலிருந்தபடியே சிரித்தாய். அச்சிரிப்பை அன்றே மன்னித்துவிட்டேன்.

மங்கலானதைக் கழுத்தில், சேலைக்கு மேலாக, யாவரும் காணுமாறு அணிந்தேன். பளபளப்பானதை வாழையிலையில் சுற்றி, மூன்றடுக்குத் தூக்கின் அடியடுக்கில் வைத்து அதன்மேல் புளிச்சோற்றை நிரப்பினேன். முன்னெச்சரிக்கையாகக் கட்டுத்துணிச் சுருள் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலில் ஏறினேன்.

அந்த ரயிலைப் பற்றி நீ அறிவாய். பெங்களூருக்கு வேலைக்குப் போகும் நம் ஊரார் இருபதாண்டுகளாக அதில் ஒரே இடத்தில் அமர்ந்து போகிறார்கள். நான் அமர்ந்த இடம் அசோகன் என்பவருடையதாம். கண்டோன்மென்ட் அருகே அச்சகத்தில் பணிபுரிபவர். "உக்காருங்கக்கா, இன்னிக்கி ஒரு நாளு இது உங்களுது" என்று நின்றுகொண்டார். எதிரே டோரீன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். முகம் தெரிந்தவர்கள் நடுவே அமர்ந்ததால் காவல் பற்றிய கவலை குறைந்தது. குறைந்தது என்று நான் எண்ணியதே பிழை. பங்காரப்பேட்டை தாண்டியதும் இவர்களிடையே ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லோர் சாப்பாட்டுப் பாத்திரமும் திறக்கப்படும், திறந்த பாத்திரம் பொதுச் சொத்தாகிவிடும். டோரீன் சப்பாத்தியும் முட்டைத் தொக்கும் நீட்டினாள். நாகரிகம் கருதி நானும் மேலடுக்கு இட்லியைக் கொடுத்தேன். இரண்டாம் அடுக்குச் சட்னியையும் கொடுத்தேன். அவர்கள் கண்கள் மூன்றாம் அடுக்கில் நிலைத்தன.

"அடியில இன்னாக்கா?"

"அது விழாவுக்குரியது, அசோகன். திறப்பதற்கில்லை."

"பாத்தியா டோரீன், அடியில கறி வறுவல வெச்சிகினு நமக்கு இட்லி காட்டுறாங்க."

"வாசனை வரலயேண்ணே."

"அதான் இறுக்கி மூடியிருக்காங்களே!"

"தமயந்தியக்கா கறி கொண்டாந்திருக்காங்களாம்" என்ற செய்தி பெட்டி முழுதும் பரவியது. மறுகோடியிலிருந்து ஒரு கரண்டி கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. அது யாருடைய கரண்டி என்பது இன்றுவரை தெரியவில்லை. கிருஷ்ணம்மா, கொள்ளையர் கூட்டத்திடமிருந்து தப்பிக்கலாம், பசியோடிருக்கும் சொந்த ஊராரிடமிருந்து தப்ப இயலாது. வேறு வழியின்றித் தூக்கோடு எழுந்து கழிவறையை நோக்கி நடந்தேன். பின்னால் அசோகனின் குரல் கேட்டது: "அய்ய, அங்க போயி தனியா துன்னப் போறாங்களா?"

ஆடும் ரயிலின் கழிவறையில், ஒரு கையால் புளிச்சோற்றைத் தோண்டிச் சங்கிலியை எடுத்து, கழுவி, இடக்கை மணிக்கட்டுக்கு மேலே மூன்று சுற்றாகச் சுற்றி, அதன்மேல் பல்லின் உதவியோடு கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தந்தையாரையே ஏமாற்றிய உத்தி! வந்தமர்ந்து மூன்றாம் அடுக்கை நானே திறந்து வைத்தேன். "புளிச்சோறா!" என்று பெட்டியே ஏமாந்துபோயிற்று. டோரீன் மட்டும் சோற்றைப் பார்க்கவில்லை.

"அக்கா, போறப்ப கை நல்லாத்தானே இருந்துச்சு?"

"கதவிடுக்கில் அகப்பட்டு நசுங்கிவிட்டது."

"நசுங்கின கைக்கு ஒத்தக் கையாலயே கட்டு போட்டுகினீங்களா? துணி ஏது?"

"பயணத்தில் கட்டுத்துணி வைத்திருப்பது என் வழக்கம்."

அவள் என் கையைப் பற்றி, கட்டின்மேல் விரலால் மெல்ல அழுத்தினாள். அவள் முகம் வெளிறியது. "அய்யோ ஏசப்பா! உள்ள துண்டு துண்டா நகருதேக்கா! எலும்பு நொறுங்கியே போச்சா?" என்றாள். அவள் கண்டறிந்தவை உன் சங்கிலியின் கண்ணிகள் என்று எப்படிச் சொல்வேன்! வலிக்கிறதா என்று கேட்டாள். வலியில்லை என்றேன். "வலியே தெரியலயா, அப்ப நரம்பு போயிருக்கும்" என்றாள். அசோகன் அக்கதவின்மேல் சினந்து புகார்மனு எழுத வேண்டுமென்றார். நான் மனு எழுதுவதில் வல்லவள் என்பதை அறிந்தவர் ஒருவர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். குற்றமற்ற ஒரு கதவைப் பற்றி, ஒயிட்ஃபீல்டு வரும்வரை, என் கைப்படவே ஒன்றரைப் பக்கம் எழுத நேர்ந்தது. மனு நன்றாகவே அமைந்தது என்பது வேறு. டோரீன் என் கைமேல் கைவைத்துக் கண்மூடி ஜெபித்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. அப்போதுதான் முதன்முறையாக எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

கண்டோன்மென்ட் நிலையத்தில் அவள் என்னைத் தனியே விடவில்லை. நாள்தோறும் தன்னை ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர் கோவிந்தப்பாவிடம் என்னை ஒப்படைத்தாள். "அண்ணா, பொம்மனஹள்ளி போறவங்க. போற வழியில அடுகோடியில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. கைய காட்டிட்டுத்தான் வீட்ல விடணும். இவங்க வேணாம்னு சொல்வாங்க, கேக்காதீங்க" என்று அவரிடம் கூறிவிட்டுத் தன் வேலைக்கு ஓடினாள்.

ஆட்டோவில் ஏறியதும் என் காவல் அறிவு மீண்டும் விழித்தது. கோவிந்தப்பா நொடிக்கொரு முறை கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தார். இவன்தான் ஆள் என்று முடிவு செய்தேன். சிறிது தொலைவு சென்றதும் அவரே, கன்னடம் கலந்த தமிழில், "அம்மா, செயின உள்ள போட்டுக்கோங்க. பைக்ல வந்து இழுத்துகினு ஹோகிபிடுவானுங்க" என்றார். "இருக்கட்டும் ஐயா, காற்றோட்டமாக இருக்கிறது" என்றேன். கவரிங்கைப் பறிக்க வருபவனை நான் எதிர்பார்த்தல்லவா அமர்ந்திருக்கிறேன்! கழுத்தை இன்னும் சற்று வெளியே நீட்டிக்கொண்டேன். ரிச்மண்ட் சாலையைக் கடக்கும்போது, எதிர்பார்த்தபடியே, மோட்டார் சைக்கிளில் இரு இளைஞர்கள் எங்களை ஒட்டி வந்தார்கள். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. பின்னால் இருந்தவன் என்னை நோக்கிக் கையை நீட்டினான். வாடா மகனே, வா, என்று மனத்துக்குள் வரவேற்றேன். அவனோ, "ஆன்ட்டி, செரகு! செரகு!" என்று கத்தினான். பார்த்தால், என் முந்தானை நழுவிப் பின் சக்கரத்தருகே பறந்துகொண்டிருந்தது. கோவிந்தப்பா வண்டியை ஓரங்கட்டினார். அவ்விளைஞன் இறங்கி வந்து முந்தானையை எடுத்துக் கொடுத்து, "ஜோபானா, ஆன்ட்டி" என்று எச்சரித்துவிட்டுப் போனான். சங்கிலியை ஏறிட்டும் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்குச் சற்று அவமானமாகவே இருந்தது. அவ்வளவு தெளிவாகவா தெரிகிறது கவரிங் என்று!

மணி பத்தைக் கடந்துகொண்டிருந்தது. பதினொன்றுக்கு வளைகாப்பு. "ஐயா, கை முற்றிலும் நலம். நேரே பொம்மனஹள்ளிக்குச் செல்க" என்று பணித்தேன். "எங்க அத்தையும் ஹிங்கே தாம்மா சொல்லிகினு இருந்தாங்க. ஆமேலே, அப்புறமா, கைய மடக்கவே முடியல" என்று கூறி அவர் அடுகோடிக்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். மருத்துவரின் அறை வாசலில் ஒன்பது பேர் காத்திருந்தனர். அங்கேனும் தாமதம் ஏற்படும், நழுவிவிடலாம் என்று எண்ணினேன். கோவிந்தப்பா உள்ளே நுழைந்து, "ரயில் கதவுல கை நஜ்ஜு ஆகோய்த்து! எலும்பெல்லாம் தூள்!" என்று அறிவித்தார். ஒன்பது பேரும் எழுந்து வழிவிட்டார்கள். காய்ச்சலில் நடுங்கிய ஒரு முதியவர்கூட, "நீங்க மொதல்ல போங்கம்மா" என்றார். இத்தகைய நகரில் ஒரு மனுஷி எப்படித் திருட்டுப் பயத்தோடு நிம்மதியாக இருப்பது?

மருத்துவர் இளைஞர், கை வேகம் மிக்கவர். "வேண்டாம், நானே அவிழ்த்துக்கொள்கிறேன்" என்பதற்குள், "பயப்படாதீங்கம்மா, அந்தப் பக்கம் பாருங்க" என்றார். சுவரில் பல் வரிசை வரைந்த படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன். கத்தரி பேசியது. திரும்பிப் பார்த்தபோது என் கை வெறுமையாக இருந்தது. கட்டுத்துணி முழுவதையும் அப்படியே இடுக்கியால் எடுத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டிருந்தார். சங்கிலி அதற்குள்! மருத்துவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காயம் எங்கம்மா?"

"இருந்தது."

"வீக்கம்கூட இல்லையே."

"ஜெபம் செய்தார்கள்."

வாசலில் நின்ற கோவிந்தப்பா அதைக் கேட்டு, உடனே டோரீனை அழைத்து, கை தானாகவே குணமாகிவிட்டது என்று தெரிவித்துவிட்டார். இது பின்னர் எவ்வளவு தொலைவு பரவியது என்பதை நான் எழுத விரும்பவில்லை. நான் கூடையை நோக்கிக் குனிந்தேன். கூடை இல்லை. ஆயா லட்சுமம்மா அதைப் பையோடு கட்டி எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே மருத்துவக் குப்பை ஏற்றும் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்நேரத்தில் என் வாயிலிருந்து வெளிவந்த சொற்களுக்காக இன்றும் நாணுகிறேன். இருப்பினும் வரலாற்றின் பொருட்டுப் பதிவு செய்கிறேன். "ஏய்! நிறுத்துடா வண்டிய! அதுல எந்தம்பி பொண்டாட்டி செயினு இருக்குதுடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். முப்பதாண்டுகள் பயின்ற செந்தமிழ் மூன்று நொடியில் என்னைக் கைவிட்டது, கிருஷ்ணம்மா. அந்த மூன்று நொடிகளில் உன் முகம்தான் என் கண்ணில் நின்றது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "அண்ணி, நான்தான் போவ முடியல, இதுவாவது போய் அவ கழுத்துல ஏறட்டும்" என்றாயே, அந்த முகம்.

வண்டிக்காரர் நிறுத்தினார். நான் பைக்குள் கையை விடப் போனேன். லட்சுமம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தொடபேடாம்மா! ஊசி கீசி இருக்கும். நீங்க தள்ளி நில்லுங்க, நான் நோட்றேன், பிரிச்சு பாக்கறேன்" என்று கையுறைகளை மாட்டிக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து, அந்தப் பையிலிருந்த ஒவ்வொரு பஞ்சையும் துணியையும் பிரித்துப் பார்த்தாள். ஏழாவது கட்டு என்னுடையது. உள்ளே உன் சங்கிலி. அவள் அதைக் குழாயடியில் சோப்பு போட்டு இரண்டு முறை கழுவி, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டாள். "கட்டுக்குள்ள யாராச்சும் தங்கம் வெப்பாங்களாம்மா? பாக்கெட்ல வெக்கறதுக்கென்ன?" என்றாள். என் தம்பியின் குரலே கேட்டது போலிருந்தது.

என் நன்றியை எவ்வாறு தெரிவிப்பது? பணம் கொடுத்தால் வாங்க மறுத்தாள். ஆகவே என் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். தவறான எண்ணம் எழலாகாது என்று, "இது கவரிங், லட்சுமம்மா. மறைப்பதற்கில்லை. ஆனால் அன்போடு தருவது" என்று தெளிவாகவே கூறினேன். அவள் நாணிச் சிரித்து, "என் மக போட்டுக்குவா. நாலு நாளா செயின் செயின்னு கேட்டுகினே இருக்கா" என்றாள். என் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கோவிந்தப்பா தலையிலடித்துக்கொண்டார். "கவரிங்கா! அதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எவனாச்சும் அறுத்துடுவானோன்னு வழியெல்லாம் கண்ணாடியில அதையே பாத்துகினு வந்தேன். ரெண்டு தரம் பஸ் மேல விடப் பாத்தேன்!" என்றார். அவரைச் சந்தேகித்ததற்குப் பரிகாரமாக, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மிச்சமிருந்த புளிச்சோற்றை அவருக்கே கொடுத்தேன்.

பதினொன்றே காலுக்கு இங்கு வந்து சேர்ந்தேன். சம்பந்தியம்மாள் வளையல் தட்டோடு காத்திருந்தார். சௌம்யா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கிலியை அவள் கழுத்தில் போட்டதும், "அம்மா வாசன வருது அத்தை" என்று முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அது மருத்துவமனைச் சோப்பின் வாசனை என்று நான் கூறவில்லை. சம்பந்தியம்மாள், "இருபத்தஞ்சு வருசத்து நகையா இது? நேத்து வாங்கினாப்ல பளபளங்குதே!" என்று வியந்தார். பூந்திக்கொட்டையின் பெருமையை அவருக்கு விளக்கினேன். படம் எடுத்திருக்கிறார்கள், யுவன் அனுப்புவார். அதில் அவள் கழுத்தை நன்கு பார். அங்கே நீ இருக்கிறாய்.

ஆகையால், அடுத்த மாதம் வரும்போது என் வழியைப் பின்பற்றுவாயாக. உனக்குக் காலில் உண்மையான கட்டே இருக்கிறது என்பது ஒரு வசதி. அதற்குள் வைத்துக் கொண்டுவா. எந்த நகையையும் தம்பியின் பொறுப்பில் ஒப்படைக்காதே. எது தங்கம், எது பித்தளை என்று அறியாதவன் எதைக் காப்பான்?

உன் கால் விரைவில் தரையில் ஊன்றுக. உன் இல்லத்தில் நெல்லும் பாலும் பெருகுக. பேரக் குழந்தை உன் மடியை நனைக்கும் நாள் அருகில் வருக. என் தம்பிக்கு நற்புத்தி உண்டாகுக.

இவ்வண்ணம் உன் நலம் நாடும்,
தமயந்தி.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை.

கிருஷ்ணம்மா, கடிதத்தை அஞ்சலில் சேர்க்கவில்லை. நல்லதாயிற்று. நேற்று மாலை சௌம்யா கழுத்து அரிக்கிறது என்றாள். பார்த்தால் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். வெயில் என்றேன். யுவன் சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்து, "வெயிட்டே இல்லையே, பெரியம்மா?" என்றார். அதே நேரத்தில் என் கைப்பேசி ஒலித்தது. லட்சுமம்மா.

"அம்மா, நீங்க குடுத்த செயினோட கொக்கி லூஸா இருந்துச்சு. இறுக்கித் தரச் சொல்லி நகைக்காரர் கிட்ட போனேன். அவரு கல்லுல ஒரசிப் பாத்துட்டு என்ன மேலயும் கீழயும் பாக்குறாரு. இது அசல் தங்கமாம்மா! மூணு சவரனாம்! எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. சீக்கிரம் வந்து வாங்கிகினு போங்க. ஆமேலே, கோவிச்சிக்கலன்னா ஒண்ணு சொல்றேன். இத கழுத்துல போட்டுகினு ஆட்டோல சுத்தாதீங்கம்மா. காலம் சரியில்ல. யாரையும் நம்பக் கூடாது. நான் இத சாப்பாட்டு டப்பால சோத்துக்கு அடியில வெச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது."

மூன்று சவரன் தங்கத்தைச் சேலைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்தை ஆட்டோவுக்கு வெளியே நீட்டியபடி, பாதி பெங்களூரைக் கடந்து வந்திருக்கிறேன். ஒருவரும் தொடவில்லை. கடைசியில் அதை உன்னிடமிருந்து பறித்துப் பிறர் கழுத்தில் போட்டவள் நான் ஒருத்தியே. இதைத் தொலைபேசியில் கூற எனக்கு நா எழவில்லை. ஆகவே இன்று கண்டோன்மென்ட் நிலையத்துக்குச் சென்று, மாலை ரயிலில் அசோகன் கையில் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாளை விடியற்காலை ரயிலில் தம்பியை அனுப்பு. என் கண்ணை இனி நான் நம்புவதற்கில்லை. அவன் முதலில் இங்கு வந்து பளபளப்பானதை வாங்கிக்கொள்ளட்டும், அதை அடுகோடியில் லட்சுமம்மாவிடம் சேர்க்கட்டும். "எனக்கு அந்தக் கவரிங்கே போதும்மா, என் மக அழறா" என்கிறாள். அத்தோடு அப்பெண்ணுக்கு ஒரு பட்டுப் பாவாடையும் நீ கொடுத்தனுப்ப வேண்டும். பிறகு மங்கலானதை வாங்கி வந்து உன் மகள் கழுத்தில் அவனே போடட்டும். எப்படிக் கொண்டுவருவது என்று அவன் கேட்டால், சட்டைப் பாக்கெட்டில் போட்டு, மேலே ஒரு கர்சீப்பை வைத்துக்கொள்ளச் சொல். அன்று மேசையருகே அவன் எதைச் சுட்டிக்காட்டினான் என்பதைப் பற்றி மட்டும், என் எதிரில் பேச வேண்டாம் என்று சொல்.

மேலே நான் வழங்கியுள்ள அறிவுரைகளில் எதையும் நீ பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தைக் கிழித்துவிடாதே. நடை நன்றாக அமைந்திருக்கிறது.